மனச்சோர்வு: மூளையின் நோயா, மனத்தின் நோயா?

மனச்சோர்வு நோய் என்று நாங்கள் கூறியவுடன், நோயாளியின் குடும்பத்தாரிடமிருந்து பெரும்பாலும் இரண்டு வினாக்களுள் ஒன்று எழுகிறது. "இது மனம் சார்ந்ததுதானே, இதற்கு எதற்கு மாத்திரை?" என்பது ஒன்று. "மூளையில் ஏதோ ஒரு சுரப்பு குறைந்துவிட்டது என்கிறார்கள், மாத்திரை போதாதா, ஆலோசனைக்கு வேறு ஏன் வரவேண்டும்?" என்பது மற்றொன்று. முதல் வினாவைக் கேட்போர் பலர் இரண்டாம் வாரத்திலேயே மருந்தை நிறுத்திவிடுகின்றனர். இரண்டாம் வினாவைக் கேட்போர் மாத்திரையை மட்டும் வாங்கிச் சென்று, நோயை வளர்த்த சூழ்நிலைகளை இருந்தபடியே விட்டுவிடுகின்றனர். சில மாதங்கள் கழித்து இரு சாராரையும் அதே நிலையில் மீண்டும் சந்திக்கிறோம்.

மூன்றாவதாக ஒரு வினாவும் உண்டு. அதை எவரும் உரக்கக் கேட்பதில்லை. தாயோ கணவரோ மகளோ, அறையை விட்டு வெளியேறும்போது தயங்கி நின்று கேட்பார்கள்: "இதற்கு நாங்கள்தான் காரணமா, டாக்டர்?"

இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண, மனச்சோர்வைப் பற்றி உயிரியல் என்ன கூறுகிறது, உளவியல் என்ன கூறுகிறது, இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்பதை அறிந்துகொள்வது உதவும். அதையே இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

துயரமும் நோயும்

இழப்பு நேரும்போது துயருறுவது இயல்பு. நெருங்கியவர் மறைந்தால், வேலை பறிபோனால், பிள்ளை தேர்வில் தோற்றால் மனம் வாடத்தான் செய்யும். அத்தகைய துயரம் அலைபோல் வந்து போகும். இடையிடையே ஒரு குழந்தையின் பேச்சுக்குச் சிரிப்போம், பசித்தால் உண்போம். மனச்சோர்வு நோயில் இந்த இடைவெளிகள் மறைந்துவிடுகின்றன. பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதியில், குறைந்தது இரண்டு வாரங்களுக்கு மனம் தாழ்ந்தே இருக்கிறது. அல்லது முன்பு விரும்பியவற்றில் நாட்டமே அற்றுப்போகிறது. இவற்றோடு தூக்கக்குறைவு அல்லது மிகைத்தூக்கம், பசியிலும் எடையிலும் மாற்றம், விலகாத அசதி, கவனம் சிதறுதல், "நான் எதற்கும் பயனற்றவன்" என்ற எண்ணம், காரணமற்ற குற்ற உணர்வு, சாவைப் பற்றிய சிந்தனை ஆகியவற்றுள் பலவும் சேர்ந்துகொள்கின்றன. அன்றாடக் கடமைகளைச் செய்ய இயலாத நிலை வருகிறது.

நம் ஊர்களில் இந்நோய் பல நேரங்களில் மனத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. உடல்வலி, தலைபாரம், நெஞ்சுப் படபடப்பு, வாயுத் தொல்லை, கைகால் எரிச்சல் என்றே மருத்துவரிடம் வருகிறது. இதய வரைபடம், ஸ்கேன், எண்டோஸ்கோப்பி என எல்லாம் எடுத்து, எதிலும் குறையில்லை என்று தெரிந்த பின்னரே எங்கள் பிரிவுக்கு அனுப்பப்படுபவர்கள் பலர். அவர்களுடைய வலி கற்பனையன்று. அது உண்மையான வலி. அதன் வேர் மட்டும் வேறிடத்தில் இருக்கிறது.

இது அரிய நோயும் அன்று. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் ஒரு முறையேனும் இந்நோய்க்கு ஆளாகியிருந்தனர். அவர்களுள் பெரும்பான்மையோர் எவ்விதச் சிகிச்சையும் பெறவில்லை என்பதையும் அதே கணக்கெடுப்பு காட்டியது.

மருந்துகளிலிருந்து பிறந்த ஒரு கோட்பாடு

மனச்சோர்வுக்கு மூளையின் வேதிப்பொருள்களே காரணம் என்ற கருத்து, மூளையை ஆராய்ந்து கண்டறியப்பட்டதன்று. வேறு நோய்களுக்குக் கொடுத்த மருந்துகளின் எதிர்பாராத விளைவுகளிலிருந்தே அது முளைத்தது. அதன் தொடக்கத்தில் நம் நாட்டு மூலிகை ஒன்றும் இடம்பெறுகிறது.

சர்ப்பகந்தா வேரால் இரத்தக் கொதிப்பு தணிவதை மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் இதயவியல் இதழொன்றில் எழுதி உலகின் கவனத்தை ஈர்த்தார். 1952இல் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்துப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. இரத்தக் கொதிப்புக்கு அதை உட்கொண்டவர்களில் சிலர் சோர்ந்துபோனதாக மருத்துவர்கள் குறிப்பிட்டனர். ரெசர்பின், நரம்பு முனைகளிலுள்ள செரட்டோனின், நார்அட்ரினலின் போன்ற செய்திகடத்தும் பொருள்களை வடியச் செய்வது என்பது பின்னர் தெரிந்தது. அதே காலத்தில் நியூயார்க்கில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியசிட் என்ற மருந்து கொடுக்கப்பட்டபோது, அவர்களுள் பலர் வழக்கத்துக்கு மாறான உற்சாகம் கொண்டனர். அம்மருந்து மேற்சொன்ன பொருள்கள் சிதைவதைத் தடுப்பது. சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோலண்ட் கூன், இமிப்ரமின் என்ற மருந்து மனச்சோர்வைக் குறைப்பதை 1957இல் வெளியிட்டார்.

இவற்றைக் கோத்துப் பார்த்தபோது, செய்திகடத்தும் பொருள்கள் குறைந்தால் சோர்வு, கூடினால் தெளிவு என்ற முடிவுக்கு வருவது எளிதாயிற்று. அமெரிக்க மருத்துவர் ஜோசப் ஷில்ட்கிராட் 1965இல் இக்கருத்தை ஒரு கோட்பாடாகவே வகுத்தார். செரட்டோனினைக் குறிவைக்கும் ஃபுளூவாக்சிடின் 1987இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபின், "வேதிப்பொருள் சமநிலையின்மை" என்ற சொற்றொடர் உலகெங்கும் பரவியது.

ஆனால் இவ்விளக்கத்தில் தொடக்கம் முதலே சில இடைவெளிகள் உண்டு. இம்மாத்திரைகள் மூளையில் செரட்டோனின் செயற்பாட்டைச் சில மணி நேரத்திலேயே மாற்றத் தொடங்கிவிடுகின்றன. நோயாளி தெளிவடையவோ இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. குறைபாட்டை ஈடுசெய்வது மட்டுமே மருந்தின் வேலை எனில் இத்தாமதம் ஏன்? மேலும், ஒரு மருந்து நோயைத் தணிப்பதாலேயே அம்மருந்தின் குறைபாடுதான் நோய்க்குக் காரணம் என்று ஆகிவிடாது. பாராசிட்டமால் காய்ச்சலைக் குறைக்கிறது; உடலில் பாராசிட்டமால் குறைந்ததால் காய்ச்சல் வந்தது என்று எவரும் கூறுவதில்லை. மனச்சோர்வு உள்ளவர்களிடம் செரட்டோனின் குறைந்திருக்கிறது என்பதற்குச் சீரான சான்றுகள் இல்லை என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை 2022இல் வெளிவந்தது.

அச்செய்தியைப் படித்துவிட்டு, "அப்படியானால் மாத்திரை வீண்தானே?" என்று கேட்டவர்கள் உண்டு. அவ்வாறு ஆகாது. மருந்து எவ்வாறு செயல்படுகிறது என்பது ஒரு வினா; செயல்படுகிறதா என்பது வேறு வினா. 21 மருந்துகளைப் பற்றிய 522 ஆய்வுகளை, 1,16,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களுடன் ஒப்பிட்ட ஒரு பெருந்தொகுப்பு 2018இல் வெளியானது. 21 மருந்துகளும் போலி மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தந்தன என்பது அதன் முடிவு. பலனின் அளவு சராசரியில் மிதமானதே; சிலருக்கு மிகுதியாகவும் சிலருக்குக் குறைவாகவும் கிடைக்கிறது. இன்று பல ஆய்வாளர்கள் கருதுவது யாதெனில், இம்மருந்துகள் நரம்புச் செல்களுக்கு இடையிலான இணைப்புகள் மெல்லப் புதுப்பித்துக்கொள்ள ஏற்ற சூழலை உண்டாக்குகின்றன என்பதே. புதுப்பித்தலுக்கு நாட்கள் தேவை. தாமதத்தின் காரணமும் அதுவாக இருக்கலாம்.

உடலின் பிற சாட்சிகள்

செரட்டோனின் ஒன்றே உயிரியல் ஆகிவிடாது. அச்சுறுத்தல் நேரும்போது, மூளையின் அடிப்பகுதியிலிருந்து புறப்படும் கட்டளை சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியை எட்டி, கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கச் செய்கிறது. ஆபத்து நீங்கியதும் அச்சுரப்பு அடங்கவேண்டும். கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களில் ஒரு பகுதியினரிடம் அது உரியவாறு அடங்குவதில்லை. காவல்நாய் திருடன் போனபின்னும் இரவெல்லாம் குரைத்துக்கொண்டிருப்பதைப் போன்றது இது. இடைவிடாத கார்ட்டிசால், நினைவாற்றலுக்குத் துணைசெய்யும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியைப் பாதிக்கக் கூடும். பலமுறை மனச்சோர்வுக்கு ஆளானவர்களில் அப்பகுதி சராசரியில் சற்றுச் சிறுத்திருப்பதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியுள்ளன.

உடலின் அழற்சியும் மனநிலையைத் தாழ்த்தவல்லது. ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு முன்பு இன்டர்ஃபெரான் ஊசி கொடுக்கப்பட்டபோது, அதைப் பெற்றவர்களில் குறிப்பிடத்தக்க பகுதியினர், அதற்குமுன் மனநோய் ஏதும் இல்லாதவர்களும்கூட, மனச்சோர்வுக்கு ஆளாயினர். தைராய்டு குறைபாடு, இரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு ஆகியவை மனச்சோர்வைப் போலவே தோற்றமளிக்கும். அல்லது இருக்கும் சோர்வை மிகுவிக்கும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. நீரிழிவு, மாரடைப்பு, மகப்பேறு ஆகியவற்றின் பின்னும் இந்நோய் வரும் வாய்ப்பு உயர்கிறது. முதல் வருகையிலேயே உங்களிடம் இரத்தப் பரிசோதனை கேட்பதற்கும், வேறு நோய்களுக்காக உட்கொள்ளும் மருந்துகளின் பெயர்களை விசாரிப்பதற்கும் இதுவே காரணம். மனச்சோர்வை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றளவும் இல்லை. வேறு காரணங்களை விலக்கவே அவை பயன்படுகின்றன. நோயை அறிவது உங்கள் சொற்களைக் கேட்டுத்தான்.

பரம்பரையின் பங்கு என்ன? இரட்டையரை ஒப்பிட்ட ஆய்வுகள், மக்களிடையே இந்நோய்க்கு ஆளாகும் தன்மையில் காணப்படும் வேறுபாட்டில் 40 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான பங்கு மரபணுக்களைச் சார்ந்தது என்று காட்டுகின்றன. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருப்பின், மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு வாய்ப்பு கூடுகிறது. எனினும் ஒரே மரபணு அமைப்பைக் கொண்ட இரட்டையரிலும் ஒருவருக்கு நோய் வந்து மற்றவருக்கு வராமலிருப்பது உண்டு. இதற்கென்று தனியொரு மரபணுவும் இல்லை. மிகச் சிறிய பங்களிக்கும் மரபணு மாற்றங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. "எங்கள் வம்சத்திலேயே இது இருக்கிறது, மாற்ற முடியாது" என்று முடிவு கட்டுவதற்கும், "அந்த வீட்டில் பெண் எடுக்காதே" என்று தடுப்பதற்கும் இதில் இடமில்லை.

மனத்தின் வழி நோக்கினால்

உளவியல் விளக்கங்களும் நெடிய வரலாறு உடையவை. சிக்மண்ட் ஃபிராய்டு 1917இல் எழுதிய கட்டுரையொன்றில் இரங்கலையும் மனச்சோர்வையும் அருகருகே வைத்துப் பார்த்தார். இரங்கலில் உலகம் வெறுமையாகிறது. மனச்சோர்விலோ தன்னகமே வெறுமையாகிறது என்பது அவர் கண்ட வேறுபாடு. அவருடைய மற்ற விளக்கங்கள் பலவற்றை இன்று நாம் அப்படியே ஏற்பதில்லை. ஆயினும், சோர்வுற்றவர் தம்மையே கடுமையாகத் தண்டித்துக்கொள்கிறார் என்ற அவதானிப்பு இன்றும் எங்கள் அறையில் நாள்தோறும் மெய்ப்படுகிறது.

அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக் 1960களில் வேறொரு வழியைத் திறந்தார். மனச்சோர்வு உள்ளவர்களின் எண்ணங்கள் மூன்று திசைகளில் இருண்டிருப்பதை அவர் கண்டார்: தன்னைப் பற்றி, உலகைப் பற்றி, எதிர்காலத்தைப் பற்றி. ஓய்வுபெற்ற ஒருவர் காலையில் நடந்து செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரே வந்த பழைய அலுவலக நண்பர் பேசாமல் கடந்து போகிறார். நலமாயிருக்கும் மனம், "ஏதோ யோசனையில் போகிறார்" என்று விட்டுவிடும். சோர்வுற்ற மனம், "நாற்காலி போனதும் மதிப்பும் போயிற்று, இனி என்னை எவர் தேடுவார்?" என்று ஒரே மூச்சில் தன்னையும் உலகையும் வருங்காலத்தையும் இருளாக்கிவிடும். மறுநாள் அவர் நடைக்கே போகமாட்டார். இவ்வெண்ணங்களைக் கண்டறிந்து, சான்றுகளோடு ஒப்பிட்டு, மாற்று விளக்கங்களைத் தேடப் பழக்குவதே அறிதல்-நடத்தைச் சிகிச்சை. "நல்லதையே நினை" என்று உபதேசிப்பது அதன் முறையன்று.

மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் ஆகிய உளவியலாளர்கள் 1967இல் நாய்களைக் கொண்டு நடத்திய ஆய்வுகளும் முக்கியமானவை. என்ன செய்தாலும் நிறுத்த இயலாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்களில் பல, பின்னர் தப்பிக்க வழி இருந்தபோதும் முயலாமல் படுத்துக்கொண்டன. "எது செய்தும் பயனில்லை" என்பதை உயிர் கற்றுக்கொள்கிறது என்று அவர்கள் கருதினர். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, மூளை ஆய்வுகளின் அடிப்படையில் 2016இல் அவ்விருவரும் தங்கள் கோட்பாட்டையே திருப்பி எழுதினர். நீடித்த துன்பத்தில் செயலற்றுப்போவது உயிரினத்தின் இயல்பான முதல் எதிர்வினை. "நான் செய்தால் மாறும்" என்பதே கற்றுக்கொள்ளப்படுவது. அது கற்கப்படும்போது மூளையின் முன்பகுதி, கீழுள்ள அச்சமையங்களை அடக்கப் பழகுகிறது என்றனர். செயலற்றுக் கிடப்பவரைப் "பிடிவாதக்காரர்" என்று எண்ணும் குடும்பத்தினருக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது: படுத்துக் கிடப்பது அவர் தேர்ந்தெடுத்ததன்று, ஆனால் சிறு சிறு செயல்களின் வழியே மீண்டும் எழப் பழக முடியும்.

வாழ்க்கைச் சூழலின் பங்கையும் மறக்கலாகாது. லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்து ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் ஆகியோர் 1978இல் வெளியிட்ட நூல், கடுமையான இழப்புகளும் நீடித்த இடர்களும் மனச்சோர்வுக்கு முன்னோடியாக நிற்பதைக் காட்டியது. இடர் வந்த அனைவருக்கும் நோய் வரவில்லை. சிறுவயதிலேயே தாயை இழந்தவர்கள், வீட்டில் மூன்றும் அதற்கு மேலும் சிறு குழந்தைகளை வைத்திருந்தவர்கள், வெளியில் வேலை இல்லாதவர்கள், மனம்விட்டுப் பேச ஒருவரும் இல்லாதவர்கள் ஆகியோரே எளிதில் பாதிக்கப்பட்டனர். கடைசியாகச் சொன்னதைக் குடும்பத்தினர் கவனிக்கவேண்டும். கேட்பதற்கு ஒருவர் இருப்பதே ஒரு காப்பு.

இரண்டும் சந்திக்கும் இடம்

மூளையா, மனமா என்ற வழக்கை இப்போது முடிக்கலாம். ஏரிக்கரை உடைந்தால், கரையின் வலுக்குறைவு காரணமா, வெள்ளத்தின் மிகுதி காரணமா என்று கேட்பதில் பொருளில்லை. வலுவான கரையும் பெருவெள்ளத்தில் உடையலாம். அரித்துப்போன கரை சிறு மழைக்கே உடையலாம். பரம்பரை, சிறுவயது அனுபவங்கள், உடல்நோய்கள் ஆகியவை கரையின் தன்மையை வகுக்கின்றன. இழப்பு, கடன், பூசல், தனிமை ஆகியவை நீர்வரத்தைக் கூட்டுகின்றன.

மனமும் மூளையும் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே இருக்கின்றன என்பதையும் அறிவியல் காட்டுகிறது. சிறுவயதில் வதைக்கப்பட்டவர்களின் கார்ட்டிசால் அமைப்பு, வளர்ந்தபின்னும் மாறுபட்டு இயங்கக் காணலாம்: அனுபவம் உடலில் பதிகிறது. பேச்சுவழிச் சிகிச்சை பெற்றவர்களின் மூளைச் செயற்பாட்டில் மாறுதல்கள் ஸ்கேனில் தென்படுகின்றன: சொல்லும் மூளையை எட்டுகிறது. மாத்திரை உட்கொண்டு தூக்கமும் கவனமும் சீரானபின், அதுவரை எரிச்சலூட்டிய ஆலோசனை பயன்படத் தொடங்குகிறது: மருந்தும் மனத்தை எட்டுகிறது.

எனவே சிகிச்சையும் நோயின் அளவைப் பொறுத்து அமைகிறது. இலேசான நிலையில் பேச்சுவழிச் சிகிச்சை, உடற்பயிற்சி, தூக்க ஒழுங்கு ஆகியவையே பலருக்குப் போதுமானவை. நடுத்தர, கடுமையான நிலைகளில் மருந்தும் பேச்சுவழிச் சிகிச்சையும் இணைந்தால், தனித்தனியே தருவதைவிடப் பலன் கூடுகிறது. பேச்சுவழிச் சிகிச்சை பெருநகரங்களுக்கு மட்டும் உரியதும் அன்று. கோவாவின் ஆரம்பச் சுகாதார நிலையங்களில், சில வாரங்கள் மட்டுமே பயிற்சி பெற்ற சாதாரண மக்கள், ஆறு முதல் எட்டு அமர்வுகளில் அளித்த எளிய செயலூக்கச் சிகிச்சை நல்ல பலன் தந்ததை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. அன்றாடம் செய்யக்கூடிய, பொருளுள்ள சிறு செயல்களைத் திட்டமிட்டு மீண்டும் தொடங்குவதே அதன் சாரம்.

மருந்து உட்கொள்வோருக்கு

பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகும். குமட்டல், தலைவலி, வயிற்றுக் கோளாறு போன்றவை முதல் வாரத்திலேயே தோன்றிப் பெரும்பாலும் தாமே தணியும். தொல்லை முதலிலும் பலன் பின்னரும் வருவதால், பலர் இடையில் நிறுத்திவிடுகின்றனர். அந்த வாரங்களைக் கடக்கக் குடும்பத்தாரின் துணை தேவை. பாலுறவு நாட்டம் குறைதல் போன்ற, சொல்லக் கூச்சமான விளைவுகளையும் தயங்காமல் கூறுங்கள். மருந்தையோ அளவையோ மாற்ற வழியுண்டு.

மனச்சோர்வுக்கான இம்மருந்துகள் மதுவைப் போலவோ சில தூக்க மாத்திரைகளைப் போலவோ ஏக்கத்தை உண்டாக்குவன அல்ல. ஆயினும் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம், தூக்கக் கலைவு ஆகியவை வரக்கூடும். எனவே மருத்துவரின் வழிகாட்டலில் படிப்படியாகவே குறைக்கவேண்டும். நலமடைந்தபின் குறைந்தது ஆறு முதல் ஒன்பது மாதங்கள் வரை தொடர்வது, நோய் திரும்பும் வாய்ப்பைக் குறைக்கும். நோய் முன்பே சில முறை வந்திருப்பின் இன்னும் நீண்டகாலம் தேவைப்படலாம். முதலில் கொடுத்த மருந்து பலருக்கு முழுப்பலன் தருவதில்லை. அதைக் கண்டு நம்பிக்கை இழக்கவேண்டாம்.

கடந்த காலத்தில் சில நாட்கள் தூக்கமே தேவைப்படாத அளவுக்கு மிகை உற்சாகம், மிகைப் பேச்சு, கட்டுக்கடங்காச் செலவு இருந்திருப்பின், அதை எங்களிடம் கட்டாயம் கூறுங்கள். அது இருதுருவ மனநோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை வேறு.

குடும்பத்தாரின் கவனத்திற்கு

"உனக்கு என்ன குறை?" என்ற கேள்வி அன்பினால் எழுவதே. சோர்வுற்றவரின் காதில் அது, "குறையில்லாமலே வருந்தும் குற்றவாளி நீ" என்று விழுகிறது. "மனத்தைத் திடப்படுத்திக்கொள்" என்பது, கால் முறிந்தவரை எழுந்து ஓடச் சொல்வதற்கு நிகர். அறிவுரைக்குப் பதிலாக அருகில் அமர்ந்து கேளுங்கள். "குளித்துவிட்டு வெளியே போய்வா" என்பதைவிட, "வா, இருவரும் தெருமுனை வரை நடந்துவருவோம்" என்பது எளிதில் ஏற்கப்படும். சிறு முன்னேற்றத்தையும் கண்டு சொல்லுங்கள். கோயிலுக்கோ தர்காவுக்கோ தேவாலயத்துக்கோ சென்று ஆறுதல் பெறுவோர் தாராளமாகச் செல்லலாம். அதற்காக மாத்திரையை நிறுத்தவேண்டியதில்லை.

தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்க அஞ்சாதீர்கள். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை. பலருக்கு, யாரேனும் கேட்டதே சுமையிறக்கமாக அமைகிறது. வாழ்வதில் பொருளில்லை என்று பேசுதல், பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல், விடைபெறுவதுபோல் பேசுதல், நீண்ட கலக்கத்துக்குப் பின் திடீர் அமைதி ஆகியவற்றைப் பொருட்படுத்துங்கள். பூச்சிக்கொல்லி மருந்துகளை வீட்டை விட்டு அகற்றுங்கள். மாத்திரைகளைக் குடும்பத்தாரில் ஒருவர் தம் பொறுப்பில் வைத்திருந்து அன்றன்றைக்குக் கொடுங்கள். சிகிச்சையின் முதல் வாரங்களில், மனம் தெளியும் முன்னரே உடலில் செயலூக்கம் திரும்பிவிடுவதுண்டு. குறிப்பாக 25 வயதுக்கு உட்பட்டோரை அக்காலத்தில் தனியே விடாதீர்கள். ஆபத்து அண்மையில் இருப்பதாகத் தோன்றினால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே அழைத்து வாருங்கள். 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில், இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

அந்த மூன்றாவது வினா

"நாங்கள்தான் காரணமா?" என்று கேட்பவர்களுக்கு எங்கள் விடை இதுதான். இத்தனை காரணங்கள் பின்னிக்கிடக்கும் ஒரு நோயில், தனியொருவரை, தனியொரு சொல்லை, தனியொரு நாளைக் காரணமாகச் சுட்ட மருத்துவத்தால் இயலாது, சுட்டவும் கூடாது. வீட்டில் வன்முறையோ குடியோ இடைவிடாத பூசலோ இருப்பின் அவை நோயை வளர்க்கும். அவற்றை மாற்ற முற்படுவது சிகிச்சையின் ஒரு பகுதி. அவ்வாறு ஏதும் இல்லாத, அன்பு நிறைந்த வீடுகளிலும் இந்நோய் வருகிறது. நோய் வந்ததற்கு நீங்கள் பொறுப்பாளர் என்று சொல்ல எவருக்கும் சான்றில்லை. நோய் நீங்குவதில் உங்களுக்குப் பங்குண்டு என்பதற்கு நிறையச் சான்றுகள் உண்டு.

பராமரிப்பவரும் சோர்வடைவார். உங்கள் தூக்கம் கெட்டிருந்தால், உங்கள் பசி குறைந்திருந்தால், அடுத்த வருகையின்போது அதையும் எங்களிடம் கூறுங்கள். நோயாளிக்கென ஒதுக்கிய நேரத்தில் உங்களுக்கும் சில நிமிடங்கள் உண்டு.